மரமரப்பு

மார்ச் 3

அத்தைக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ரத்தக் கால்சியம் 8.1. நேற்று 8.9. கால்சியத்தைச் சுமக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின் 3.5 என்பதால் 0.4 கூட்டி 8.5 என்று வைத்துக்கொள்ளலாம். தைராய்டை முழுசாக எடுத்தால் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் அதிகம் இறங்கும். இன்னும் அந்தக் கட்டம் தாண்டவில்லை.

மார்ச் 4

விடிகாலை அத்தை சொன்னார்: "கண்ணு, ஒதட்டச் சுத்தி மரமரன்னு இருக்குது." காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டியதும் மேலுதட்டு ஓரம் வெட்டி இழுத்தது. ரிசல்ட் 7.2. 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, பத்து நிமிடம் மெதுவாக, இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே. அவசரமாக ஏற்றினால் இதயத்துடிப்பு குறைந்துவிடும். அந்த 10 மில்லியில் இருப்பது 93 மில்லிகிராம் கால்சியம்தான். சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு குடல்தான் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ராகிக் களி கிண்டிக் கொடு, பால் கொடு என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சாப்பிட்டதெல்லாம் ரத்தத்தில் ஏறிவிடாது. தைராய்டை ஒட்டியிருந்து ஆபரேஷனில் அடிபட்ட பாராதைராய்டுச் சுரப்பிகள் நான்கும் சேர்ந்தால் அரைக் கிராம்கூடத் தேறாது. அவை சுரக்கும் பி.டி.எச். என்ற ஹார்மோன் தூண்டினால்தான் சிறுநீரகம் வைட்டமின் டி-யை அதன் வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும். கால்சிட்ரியால் வந்தால்தான் முன்சிறுகுடல் செல்கள் அதற்கான புரதங்களைச் செய்யும்: டி.ஆர்.பி.வி.6 கால்சியத்தை உள்ளே விடும், கால்பிண்டின் செல்லின் மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கிருக்கும் பம்ப் ரத்தத்துக்குள் தள்ளும். இதெல்லாம் இல்லாவிட்டால் சாப்பிட்டதில் 10-15 சதவீதம் ஏறினால் பெரிது. இருந்தால் 30-40.

60,000 யூனிட் வைட்டமின் டி3 பாக்கெட்டும் இப்போதைக்குக் கைகொடுக்காது. அதை மாற்றச் சொல்ல பி.டி.எச். வேண்டுமே. மாற்றி முடிந்த கால்சிட்ரியாலையே கொடுக்க வேண்டும்: 0.25 மைக்ரோகிராம் கேப்ஸ்யூல், காலை இரண்டு, இரவு இரண்டு. செல் புரதம் செய்ய நேரம் பிடிக்கும். விழுங்கிய கையோடு எண் ஏறாது.

மார்ச் 6

7.8. மரமரப்பு விரல் நுனியில் மட்டும்.

மார்ச் 8

சூரமங்கலம் வீடு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது: காலை 6 தைராக்சின் (எடுத்த தைராய்டுக்குப் பதிலான ஹார்மோன் மாத்திரை), வெறும் தண்ணீரோடு. 7 மணிக்குத்தான் காபி. ஏற்காட்டுக் காபியை அத்தை விடமாட்டார், ஆனால் அது தைராக்சினை ஏறவிடாது. 10.30 டிபனோடு முதல் கால்சியம், தைராக்சினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. 3 மணிக்குச் சாப்பாட்டோடு இரண்டாவது, இரவு 8.30 மூன்றாவது. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் கால்சியம் 500தான். ஒரே வேளையில் இரண்டு போட்டால் இரட்டிப்பாக ஏறாது.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஏன் தொடர்கிறது? கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். நாளை டாக்டரிடம் கேட்க: நிறுத்தலாமா, இல்லை கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றலாமா.

மார்ச் 9

மெக்னீசியம் 1.3. இதைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்! மெக்னீசியம் குறைந்தால் மிச்சமிருக்கும் பாராதைராய்டும் பி.டி.எச்.சைச் சரியாக வெளியே விடாது. சுரந்த கொஞ்சத்துக்கும் எலும்பு சரியாக இணங்காது. பான்டோபிரசோல் மாதக்கணக்கில் போனால் மெக்னீசியம் இறங்கும். அத்தை ஆபரேஷனுக்கு வெகுநாள் முன்பிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறார். இன்றோடு நிறுத்தியாயிற்று.

மார்ச் 12

ஹீமோகுளோபின் 9.6. இரும்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு கொடு என்று போனில் யோசனை. வேண்டாம். இரும்பு ஏறுவதைக் கட்டுப்படுத்துவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். அது ஏறினால் குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்கு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டின் சிதைந்துவிடும். உள்ளே போன இரும்பு செல்லோடு உதிர்ந்து மலத்தில் போகும். ஆபரேஷன் காயமே ஹெப்சிடினை ஏற்றியிருக்கும். ஒரே ஒரு வேளை இரும்பு போட்டாலும் ஹெப்சிடின் அடுத்த நாள்வரை ஏறி நிற்கும். அதனால் புண் ஆறியபின், ஒன்றுவிட்டு ஒருநாள், 60 மில்லிகிராம், எலுமிச்சைச் சாறோடு. ஹெப்சிடின் குறைவாக இருப்பது காலையில்தான், ஆனால் அந்த நேரத்தைத் தைராக்சின் பிடித்துக்கொண்டது. மாலை 6 மணிதான் வழி.

மார்ச் 15

கால்சியம் 8.3. மரமரப்பு இல்லை. பி.டி.எச். 7, இருக்க வேண்டியது 15க்கு மேல்.

இனி எதிர்ப்பக்கத்துப் பயம். பி.டி.எச். இல்லாத சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்துவைக்காது, சிறுநீரில் விட்டுவிடும். 9, 9.5 என்று ஏற்றி மகிழ்ந்தால் கல்தான் விளையும். 8க்கும் 8.5க்கும் இடையில் நிற்கட்டும். சேலத்து வெயிலுக்குத் தண்ணீரும் குறையக்கூடாது.

மார்ச் 17

மருந்துக்கடையில் கால்சிட்ரியால் இல்லையாம். "ரெண்டும் டி-தாங்க" என்று 60,000 பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரெண்டும் ஒன்றல்ல. கேப்ஸ்யூலை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அதன் வேலை தீர்ந்துவிடும். கையில் நான்குதான் மிச்சம், இன்றிரவுக்கும் நாளைக் காலைக்கும். பாக்கெட்டைத் திருப்பச் சொல்லி, "கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்" என்று தாளில் எழுதி ஐந்து ரோட்டுக் கடைகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது.