நொண்டல் நின்றுவிட்டது என்று குதிரையை அவிழ்த்து விடாதீர்கள்

பந்தயக் குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்கும் ஃபெட்லாக் மூட்டுக்கும் (குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டு) நடுவே, பின்பக்கம், தோலுக்கு அடியிலேயே ஒரு தசைநாண் ஓடுகிறது. ஓட்டத்தைப் பாதியில் முடித்துவைக்கும் காயங்களில் முக்கியமானது இந்த நாண் கிழிவதுதான். நாலுகால் பாய்ச்சலில் இது நீண்டு நீண்டு சுருங்கும்போது உள்மையம் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறாது. கிழிவு பெரும்பாலும் நாணின் நடுவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வெளியே தெரிவது லேசான வீக்கமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் மட்டும்தான். அன்று நொண்டல்கூட இல்லாமல் போகலாம்.

முதல் இரண்டு நாள் செய்ய வேண்டியது எளிமையானது. வாளியில் தண்ணீரும் ஐஸ் தூளும் கலந்து முழங்காலுக்குக் கீழ் வரை காலை அதில் 20 நிமிடம் நிறுத்துங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைத்துக் கட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. பிறகு காலைத் துடைத்து உலர்த்தி, பஞ்சுப் பட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுருக்கமில்லாமல் சுற்றி, அதன் மேல் கட்டுத்துணி. பஞ்சு மெலிந்தாலோ ஓரிடத்தில் மட்டும் இறுகினாலோ கட்டே நாணைக் காயப்படுத்தும். கட்டின் மேல் ஓரத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும். நாள்தோறும் அவிழ்த்து, பார்த்து, மறுபடி கட்டுங்கள். எதிர்க்காலுக்கும் கட்டு வேண்டும். கூடுதல் பாரத்தைச் சுமப்பது அதுதான்.

வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டித் தரவே தராதீர்கள். ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து கூடினால் இரைப்பையும் பெருங்குடலும் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அதைவிட மோசம். இன்னொரு சிக்கலும் உண்டு: வலி தெரியாத குதிரை லாயத்துக்குள்ளேயே துள்ளும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை அடிபட்ட அன்றே எடுத்து, "பெரிசா ஒண்ணுமில்லை" என்று நிம்மதியடைவது அடிக்கடி நடக்கும் தவறு. கிழிவு முதல் சில நாட்களில் இன்னும் விரியும். ஏழு முதல் பத்து நாள் கழித்து எடுக்கும் ஸ்கேன்தான் உண்மையான அளவைக் காட்டும். அப்போதே இரண்டு கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வருவதுதான் ஆபத்தான கட்டம். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடியும், நொண்டல் நிற்கும், குதிரை உற்சாகமாகத் தலையை ஆட்டும். உள்ளேயோ கிழிந்த இடத்தை நிரப்பியிருப்பது மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம்: மெல்லிய, தாறுமாறாகக் கிடக்கும் இழைகள். அவை நாணின் நீளவாக்கில் அடுக்கப்பட்டு உறுதியாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அதுவரை சும்மா நிறுத்தியே வைத்தாலும் இழை ஒழுங்காக அடுக்காது. திறந்தவெளியில் விட்டால் ஒரே பாய்ச்சலில் மறுபடி கிழியும். "புல்வெளியில விட்டுட்டா தானா ஆறிடும்" என்ற பேச்சால் வீணாய்ப்போன கால்கள் ஏராளம். ஓய்வும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு.

அளவு ஏறக்குறைய இப்படி: முதல் இரண்டு வாரம் லாயத்துக்குள். மூன்றாவது வாரம் கடினமான சமதரையில், கயிற்றைக் கையில் பிடித்தபடி தினம் 10 நிமிட நடை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் பத்தாவது வாரம் 45 நிமிடம் வரும். மூன்றாம் மாத ஸ்கேன் நன்றாக இருந்தால்தான் நடைக்கு நடுவே 5 நிமிட ட்ராட் (துள்ளுநடை). கேன்டருக்கு (மெதுவான பாய்ச்சல்) ஆறு மாதமாவது பொறுங்கள். மணலும் சேறும் வேண்டாம்.

நடைக்கு முன்னும் மறுநாள் காலையிலும் நாணைத் தொட்டுப் பாருங்கள். காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். நல்ல நாணின் விளிம்பு கயிறு மாதிரி துல்லியமாகப் பிடிபடும். காயம்பட்ட இடத்தில் விளிம்பு மழுங்கி, பிசைந்த மாவு போல அமுங்கும். குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். புறங்கையால் இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். சூடு திரும்பியிருந்தால் இரண்டு வார அளவு பின்னால் போய், மருத்துவரையும் கூப்பிடுங்கள்.

சூட்டுக்கோல் போடுவதை இன்னும் சிலர் நம்புகிறார்கள். அதனால் காயம் நன்றாக ஆறிவிடுவதில்லை என்று பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 1983-இலேயே ஆய்வு வெளியிட்டுவிட்டது. வேதனைதான் மிச்சம். லாடத்திலும் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: குதிகாலை உயர்த்தினால் நாண் இளகும் என்பது. இதற்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் இன்னொரு நாணுக்கு அது சரி. தோலுக்கு அடியிலேயே இருக்கும் இந்த நாணுக்குப் பாரம் கூடவே செய்யலாம். நீண்ட முன்நுனியைக் குறைத்து, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவினால் போதும்.

தீவனத்தை மட்டும் அடிபட்ட அன்றைக்கே மாற்ற வேண்டும். ஓடுகிற 500 கிலோ குதிரை தினம் 5 கிலோவுக்கு மேல் தானியம் தின்றிருக்கும். அதே அளவு கொடுத்து நிறுத்தி வைத்தால் மறுபடி நடக்கும்போது தசை இறுகி, சிறுநீர் காப்பி நிறமாகப் போகலாம். முதல் நாளே தானியத்தைப் பாதியாக்கி, மீதியைப் பத்துப் பதினாலு நாளில் குறைத்துவிடுங்கள். உலர்புல் 8 முதல் 10 கிலோ, நாலைந்து வேளையாகப் பிரித்து. அதில் கொஞ்சம் குதிரைமசால் (லூசர்ன்) இருந்தால் நல்லது. குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரக்கும், அதன் மேல்பகுதிக்குப் பாதுகாப்புப் படலம் கிடையாது. பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பத்தில் எட்டுக்கு மேல் இரைப்பைப் புண் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தானியத்தை ஒதுக்கிவிட்டுப் புல்லை மட்டும் தின்பது, சேணவாரைக் கட்டும்போது திரும்பிக் கடிக்க வருவது இரண்டும் அடையாளம். உறுதியானால், அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில், 28 நாள். குதிரைக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும். மனித மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் அமிலத்திலேயே அழிந்துவிடும்.

முதல் இரண்டு மாதம் தசை வற்றி விலா தெரியும். பயந்து தானியத்தைக் கூட்டாதீர்கள், புல்லைக் கூட்டுங்கள்.

குதிரை கைமாறும்போது பழைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். மூச்சு இரைச்சலுக்காகக் குரல்வளையைப் பின்னிழுத்துத் தைத்த குதிரைக்குத் தீவனத்தைத் தரையில் வைத்து, புல்லை நனைத்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் துணுக்கும் நுரையீரலுக்குள் போகும். குளம்புக்கு மேலே இருபுறமும் சின்னத் தழும்பு இருந்தால் வலி தெரியாமலிருக்கக் குதிகால் நரம்பு வெட்டப்பட்டிருக்கலாம். அந்தக் குதிரை ஆணி தைத்தாலும் நொண்டாமல் போகலாம். தினம் நாலு குளம்பையும் தூக்கி, சுரண்டி, அடிப்பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.