இருமல் எண்ணும் வேலை

காலை ஐந்தே முக்காலுக்கு, தீவன வாளி சத்தம் எழும்புவதற்கு முன்னால் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். வாளியைத் தூக்கிவிட்டால் அவ்வளவுதான், எல்லாப் பன்றிகளும் ஒன்றாகக் கத்தும்; இருமல் காதில் விழாது. ஒவ்வோர் அறையாகக் கையைத் தட்டி, படுத்திருப்பவற்றை எழுப்பிவிடுவேன். அப்புறம் அசையாமல் நின்று மூன்று நிமிடம் எண்ணுவேன். எண்ணிக்கை சுவரில் தொங்கும் காலண்டரில் ஏறும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறேன். எனக்கு இந்தப் பழக்கம் வந்தது 2022 ஆடியில்.

ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் ஓட்டைத் தூக்கிப் போடும். குட்டிகளுக்குக் குளிருமே என்று நாலு பக்கமும் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டச் சொன்னது நான்தான். அதே வாரம் வாங்கிவந்த பன்னிரண்டு குட்டிகளை, தனியாக வைக்க இடமில்லாமல், பழைய குட்டிகளோடு விட்டோம். மூன்று மாதக் குட்டிகளிடம் ஏற்கெனவே வறட்டு இருமல் இருந்தது. தீவனத் தூசி என்று நினைத்தோம்.

ஒரு நாள் விடியலில், சாணி வழிக்கிற பெரியம்மா கூப்பிட்டார்: "கண்ணு, வந்து பாரு. பன்னி நாயாட்டம் உக்காந்துருக்குது."

பின்பக்கத்தைத் தரையில் வைத்து, முன்கால்களை அகட்டி ஊன்றி, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு வராது, அதனால் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழிந்தது. காது நுனி நீலம். பக்கத்தில் இரண்டு செத்துக் கிடந்தன. மூக்கில் ரத்த நுரை. முந்தின நாள் சாயங்காலம் இரண்டுமே தொட்டியை நக்கித் தின்றவை.

வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகி, பண்ணைப் பன்றிகளையெல்லாம் கொன்று புதைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு மருந்தும் கிடையாது. எனக்குக் கை நடுங்கியது. முதலாளிக்கு முன்னால் கால்நடை டாக்டருக்குத்தான் போன் போட்டேன். கேட்டைப் பூட்டி, செத்ததை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவரே முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, குழி ஓரத்தில் தார்ப்பாய் விரித்து ஒன்றை அறுத்தார். பன்றிக் காய்ச்சலில் வீங்கிப்போகும் மண்ணீரல் இதில் வீங்கவில்லை. நுரையீரலின் முதுகுப் பக்கம் மட்டும் ஈரல் போலக் கறுத்துக் கெட்டியாகி, மேலே வெள்ளை ஆடை படர்ந்து விலா எலும்போடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது ஈரத் துணி கிழிகிற சத்தம். "இது பாக்டீரியா வேலை மாதிரி இருக்கு, ஆனா ரிசல்ட் வரட்டும்" என்றார். பன்றிக் காய்ச்சல் இல்லை என்று ரிசல்ட் வரும்வரை ஒரு பன்றிகூடக் கேட்டைத் தாண்டவில்லை. ஆய்வகத்தில் வளர்ந்தது ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியே என்ற பாக்டீரியா. அது விடும் நச்சு நுரையீரலை ஒரே ராத்திரியில் அழிக்கக்கூடியது.

ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருந்தை ஆரம்பித்தார். தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்டேன். "நோயில கிடக்கறது தண்ணி குடிக்குமா தம்பி?" என்றார். நியாயம்தான். அந்த அறையில் ஒவ்வொன்றுக்கும் தெர்மாமீட்டர் வைத்தோம். 39 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 41-க்கு மேல் காட்டியவற்றுக்கெல்லாம், நல்லபடி நின்றாலும், ஊசி. மொத்தம் ஐந்து போயின.

மருந்து போட்டுக் கை கழுவிய பிறகு டாக்டர் என்னைப் பன்றி உயரத்துக்குக் குந்தி உட்காரச் சொன்னார். ஒரு நிமிடத்தில் கண் எரிந்து நீர் வழிந்தது. மூத்திரமும் சாணியும் சேர்ந்து எழும்பும் அமோனியா. நின்றபடி நடமாடும் எங்களுக்கு மூக்கு பழகிப்போயிருந்தது. குட்டிகள் அதற்குள்ளேயே இரவு முழுக்கப் படுத்திருந்தன. மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளிவிடும் நுண்ணிய மயிர்களை அமோனியா செயலிழக்கவைக்கும். அந்த வறட்டு இருமலுக்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவும் அதே மயிர்களைத்தான் உதிர்க்கிறது. காவல் போன பிறகு எந்தக் கிருமியும் உள்ளே நுழையலாம். இருமலுக்கு நாங்களாகவே கடையில் வாங்கிப் போட்ட பென்சிலின் வீண். பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவரைத்தான் தாக்கும், மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது.

பிழைத்தவற்றைப் பார்த்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்ளும். வெளியே ஆரோக்கியம், தொண்டைச் சதையில் கிருமி. புதுக் குட்டிகளோடு அவற்றை விடவே இல்லை. மருந்து உடம்பை விட்டுப் போகும் நாள் கணக்கு முடிவதற்குள் ஒரு வியாபாரி கூடுதல் விலையோடு வந்தார். கறி சாப்பிடப்போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை அல்லவா, முடியாது என்றுவிட்டேன். முதலாளிக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது வாங்கும் குட்டிகள் ஒரு மாதம் தோட்டத்து மூலையில் தனியாக இருக்கின்றன. அங்கே போய்வந்தவர் அதே செருப்போடு கொட்டகைக்குள் வரக்கூடாது. ஒரு தொகுதி முழுதும் விற்றுக் கழுவிக் காயவிட்ட பிறகே அறைக்கு அடுத்த தொகுதி. குட்டிகளுக்கு மைக்கோபிளாஸ்மா தடுப்பூசியும் போடுகிறோம். தார்ப்பாயை ஆடியிலும் மேலே ஓரடி விட்டே கட்டுகிறோம். படுக்கிற இடத்தில் காற்று நேரே அடிக்காது, புழுக்கம் மேலே போய்விடும்.

பெரியம்மாவும் எண்ணப் பழகிவிட்டார். நேற்று நான் போவதற்குள் வாசலில் நின்று, "மூணாவது ரூம்ல நாலு, முந்தாநேத்து ரெண்டுதான் இருந்துச்சு" என்றார். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.