தகரப் பலகை எழுத்திலிருந்து யூனிகோட் எழுத்துரு வரை: வன்னியில் செய்து முடித்த விதம்

ஏ9 வீதியோரமும் அதிலிருந்து உள்ளே பிரியும் ஊர்களிலும் தூரிகையால் எழுதிய கடைப்பலகைகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. தகரம், எனாமல் பெயின்ற், தட்டைத் தூரிகை. அந்தக் கையை மாதிரியாக வைத்து, பலகைக்கும் சுவரொட்டிக்கும் பாவிக்கக்கூடிய ஒரு யூனிகோட் எழுத்துருவைச் சிறு குழுவாகச் செய்து முடித்தோம். இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் அளவுகளும் சிக்கும் இடங்களும் கீழே. ஒன்றை முதலே சொல்லிவிடலாம்: உயிரையும் மெய்யையும் வரைவது மொத்த வேலையில் கால்வாசிகூட இல்லை. உகர ஊகாரமும், எந்த எழுத்துகள் சேர்ந்தால் எந்த வடிவம் வரவேண்டும் என்று எழுத்துருவுக்குள் விதி எழுதுவதும், வினைல் (ஒட்டும் பிளாஸ்ரிக் தாள்) வெட்டும் கடையில் எழுத்து உடையாமல் பார்ப்பதும்தான் காலத்தைத் தின்னும்.

பலகையைப் படம் எடுக்கும்போது கமெரா எழுத்தின் நடு உயரத்துக்கு வரவேண்டும். வீதியில் நின்று மேல்நோக்கி எடுத்தால் எழுத்தின் தலைப்பக்கம் ஒடுங்கும், அதைப் பார்த்து வரைந்தால் எல்லா எழுத்தும் தலை சிறுத்துத்தான் பிறக்கும். உள்வீதிப் பலகைகளில் கிரவல் புழுதி படிந்து விளிம்பு தெரியாது. கடைக்காரரிடம் கேட்டுத் துடைத்துவிட்டு எடுங்கள். எழுதியவர் ஊரில் இருந்தால் அவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அனுமதி ஒரு காரணம். மற்றது, தூரிகையை எந்தச் சரிவில் பிடித்தார், எங்கே எடுத்து எங்கே திரும்ப வைத்தார் என்பதை அவர் கைதான் காட்டும். படத்தில் விளிம்பு மட்டுமே இருக்கும்.

எந்தப் பலகையிலும் முழு நெடுங்கணக்கு கிடைக்காது. ஙு, ஞூ, ஔ எல்லாம் கடைப்பெயரில் வரவே வராது. ஆகையால் ப, ட, க, வ, ன, ழ ஆகிய ஆறையும் முதலில் முடித்து, மற்றதை அவற்றிலிருந்து பிறப்பித்தோம். ப தூணின், அதாவது நிமிர்ந்த கோட்டின், தடிப்பையும் உயரத்தையும் தரும். வ சுழியின் அகலத்தைத் தரும். இரண்டு சுழி ன சரியாக வந்தால் மூன்று சுழி ண வரும், ஆனால் அதே தடிப்பில் அல்ல: ணவுக்குள் கோடுகள் நெருங்குவதால் தூணை 8 முதல் 10 சதவீதம் மெலிக்காவிட்டால் ஒரு வரியில் ண மட்டும் கறுப்புத் திட்டாகத் தெரியும். இ, ஞ, ஜ மூன்றுக்கும் இதே வைத்தியம்.

வரைய மில்லிமீற்றர் தாளுக்கு மேல், கீழிருப்பது தெரியும் ரேசிங் தாள். ப 40 மி.மீ. உயரம். எழுத்துரு மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தும் அமரும் 1000 அலகுச் சதுரத்தில் ப 560 அலகு என்று வைத்தால் 1 மி.மீ. சரியாக 14 அலகு ஆகும், பிறகு அடிமட்டத்தால் அளந்ததை அப்படியே கணக்குப் போடலாம். தூண் 6.5 மி.மீ., அதாவது 91 அலகு. கிடைக்கோடு 80 அலகு. ஒரே தடிப்பில் வரைந்தால் கண்ணுக்குக் கிடைக்கோடு தடித்துத் தெரியும். அரை மில்லிமீற்றர் பென்சில் கோடே 7 அலகு என்பதால், கோட்டின் வெளிவிளிம்பைப் பின்பற்றுவதா உள்விளிம்பையா என்று குழுவில் எல்லோரும் முதலே ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு தடிப்பு வரும். மாரி காலத்தில் ரேசிங் தாள் ஈரத்தை இழுத்து நெளியும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வரைந்ததை அன்றன்றே ஸ்கான் பண்ணிவிடுவது நல்லது. 600 டிபிஐ, சாம்பல் நிறம். போன் கமெராவில் எடுத்தால் ஓரம் வளையும், மில்லிமீற்றர் கட்டங்கள் படத்தில் தெரிந்தால் மட்டும் அதைத் திருத்தலாம்.

கணினியில் ஃபொன்ட்ஃபோர்ஜ் போதும், இலவசம். ஸ்கான் படத்தைப் பின்னணியில் வைத்துக் கையாலேயே கோடு போட வேண்டும். தானியங்கித் தடமெடுப்பை நம்ப வேண்டாம்: 24 நோட்டுக்குள் (கோட்டை வளைக்கும் புள்ளிகள்) முடிய வேண்டிய வ, அதில் 100ஐத் தாண்டும், பெயின்ற் வழிந்த இடமும் எழுத்தாகிவிடும். ஒவ்வொரு வளைவின் மேல், கீழ், இடம், வலம் உச்சிகளில் ஒரு நோட், அதன் கைப்பிடிகள் நேர்க்கிடையாக அல்லது நேர்நிலையாக. உள்வளையம் வெளிக்கோட்டுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும், இல்லையென்றால் சுழியின் ஓட்டை அடைபட்டுப்போகும். ன, ண, ஒ ஆகியவற்றின் மேல்வளைவு ப, ட, ங ஆகியவற்றின் உச்சியை 10 முதல் 12 அலகு தாண்டட்டும்; சரிக்குச் சரி நிறுத்தினால் குள்ளமாகத் தெரியும்.

இனி உகரம். பதினெட்டு மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள், அத்தனையும் தனித்தனி கிளிஃப், அதாவது எழுத்துருவுக்குள் தனியாக வரைந்து வைக்கும் வடிவம். வரைவதற்கு முன் மூன்று குடும்பமாகப் பிரித்தால் வேலை பாதியாகும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே சுற்றி வளைபவை. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் வலப்பக்கத்தால் நேரே கீழே இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் வலப்பக்கம் சுழித்து ஏறுபவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வால் வரைந்து, மெய்யில் ஒட்டி, ஒட்டின இடத்தை மட்டும் திருத்த வேண்டும். ஊகாரத்தில் இந்தக் குடும்பம் கலையும்: கூவும் சூவும் ஒரே மாதிரி வலப்பக்கம் சுழிப்பதால் சூ தன் இனத்துப் பூ, யூ, வூவை விட்டுக் கூவோடு சேரும். இதைக் கவனிக்காமல் புவின் வாலைப் பூவுக்கு நீட்டியது போலச் சூவுக்கும் நீட்டினால் படிக்கவே முடியாத ஒன்று வரும்.

வாலின் ஆழம்தான் பெரிய தலையிடி. பலகையில் எழுதியவர் இடம் இருந்தால் வாலை நீட்டுவார், இடம் இல்லாவிட்டால் சுருட்டுவார். எழுத்துருவுக்கு ஒரு ஆழம்தான். நாங்கள் அடிக்கோட்டுக்குக் கீழே 250 அலகில் நிறுத்தினோம், ழூ மட்டும் 270. மேலே ஈகாரத்தின் சுழி 840 வரை ஏறும். கூட்டினால் 1110, வரி உயரம் 1200 என்று வைத்தால் மேல்வரி ழூவுக்கும் கீழ்வரி ணீக்கும் நடுவில் 90 அலகு மிஞ்சும். எழுத்துருவின் உள்ளே உயரம் மூன்று இடத்தில் எழுதப்படுகிறது, மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும். விண்டோஸுக்கான கீழ் அளவை 270ஐ விடக் குறைத்தால் சில மென்பொருளில் ழூவின் வால் திரையில் வெட்டுப்படும். வரைந்ததில் பிழை என்று நினைத்து வாலைத் திருத்தப் போகாதீர்கள்.

இகர ஈகாரக் குறியான விசிறி (ி, ீ) ஒன்று வரைந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது பொய். வலத்தூண் நேராக நிற்கும் ப, ய, வ மூன்றுக்கும் ஒன்றே பொருந்தும். க, ச, த ஆகியவற்றுக்கு அது அந்தரத்தில் தொங்கும். டி, டீ இரண்டிலும் கோடு அடியிலிருந்தே ஏறுவதால் அவை முழுக்கத் தனி வடிவம். கடைசியில் எல்லா மெய்க்கும் இகர ஈகாரத்தைச் சேர்த்து வரைந்த கிளிஃபாகவே வைத்தோம். கோப்பு கொஞ்சம் பெருக்கும், ஆனால் வினைல் வெட்டும்போது அதன் அருமை தெரியும். மெய்ப்புள்ளி பலகைகளில் வளையமாக இருக்கும். சிறிய அளவில் வளையம் அடைபடும் என்பதால் நிரம்பிய புள்ளிதான் போட்டோம், விட்டம் 110 அலகு. தூணின் தடிப்பே போதும் என்று 91 வைத்தால் தூரத்தில் புள்ளி காணாமல் போகும்.

இடைவெளியை, ஜோடி ஜோடியாகச் சரிப்படுத்தும் கெர்னிங்குக்கு முன்பே முடிக்க வேண்டும். தூண் பக்கம் 60 அலகு, வளைவுப் பக்கம் 35. பபப, பவப என்று அடித்துப் பார்த்து வெள்ளை ஒரே அளவாகத் தெரியும் வரை. டவின் வலப்பக்க மேல்வெளி மட்டும் எதைச் செய்தாலும் ஓட்டையாகத்தான் தெரியும், அதற்குத்தான் கெர்னிங்.

விதி எழுதும் இடத்தில் நன்றாக வரையத் தெரிந்தவர்களும் கை விடுகிறார்கள். கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுவருவது உங்கள் வேலை அல்ல, அதை ஹாஃப்பஸ் (HarfBuzz) போன்ற எழுத்தமைப்பு மென்பொருள் செய்யும். அதே மென்பொருள் ஒகரத்தைக் கொம்பு (ெ), அரவு (ா) என்று இரண்டாகப் பிரித்துவிடும். எனவே நொ என்பதற்கு நவும் ஒகரக் குறியும் சேர்ந்தால் இது என்று விதி எழுதினால் அது ஒருநாளும் நடக்காது. விதி பார்க்கும் நேரத்தில் அங்கே கொம்பு, ந, அரவு என்றுதான் நிற்கும். க்ஷ விதிகளில் ‘அக்ன்’ (akhn) என்ற பகுதிக்குள் போக வேண்டும், ஏனென்றால் அது மெய்ப்புள்ளி விதிக்கு முன் ஓடும். பின்னால் போட்டால் க் முதலே சேர்ந்து ஷ தனித்துப் போகும். மெய்ப்புள்ளி விதியை ‘ஹாஃப்’ (half) பகுதியில் மட்டும் எழுதினால் சொல்லின் நடுவில் வரும் ங் சரியாக இருக்கும், கடைசியில் வரும் ம் உடையும். அதே விதியை ‘ஹல்ன்’ (haln) பகுதியிலும் போட்டால் தீரும். ஸ்ரீக்கு இரண்டு வரிசை: ஸவில் தொடங்குவது ஒன்று, 2005ல் யூனிகோடில் சேர்ந்த ஶவில் தொடங்குவது மற்றது. இரண்டும் ஒரே கிளிஃபுக்குப் போகட்டும். தமிழுக்குப் பழைய குறி, புதிய குறி என்று இரண்டு எழுத்துமுறைக் குறிகள் (taml, tml2) உண்டு, இரண்டின் கீழும் விதிகளைப் பதியுங்கள்.

சோதிக்க வேறு வாசகம் தேட வேண்டாம், வன்னி ஊர்ப்பெயர்களே போதும். மாங்குளம் அடித்தால் நடு ங், கடை ம் இரண்டும் தெரிந்துவிடும். கிளிநொச்சி ஒகரத்தைப் பிரித்துக் காட்டும். புதுக்குடியிருப்பில் மூன்று உகரக் குடும்பமும் வந்து டியும் வரும். ஐந்து வாலும் ஒரே ஆழத்தில் நிற்காவிட்டால் அந்த ஒரு சொல்லிலேயே பிடிபடும். தண்ணீரூற்று ணீயின் சுழியையும் ரூவையும் அடுத்தடுத்து நிறுத்தும். துணுக்காய், பூநகரி, முழங்காவில், வற்றாப்பளை. கிரந்தத்துக்கு ஜெயபுரம், ஸ்கந்தபுரம். ஓமந்தையையும் ஒட்டுசுட்டானையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, பேப்பரில் எடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். ஓவின் கீழ்ச்சுழி தெரியவில்லை என்றால் ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒமந்தைதான். எ, ஏ வித்தியாசத்துக்கும் இதே சோதனை. ரவின் சரிந்த கால் குட்டையானால் அது அரவாகிவிடும், அதையும் இதோடு பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடவையும் பதிப்பு எண்ணை மாற்றி, பழையதை நீக்கிவிட்டு நிறுவுங்கள். கணினி பழைய பிரதியை நினைவில் வைத்திருந்து, திருத்திய பிழையைத் திரும்பத் திரும்பக் காட்டும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வருவது வேறு வகைத் தொல்லை. பல இடங்களில் இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு. பாமினியில் ம இருப்பது ஆங்கிலக் கே எழுத்தின் இடத்தில், மெய்ப்புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். அப்படித் தட்டிய வரியைத் தெரிவுசெய்து யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். முதலில் மாற்றி மென்பொருளால் யூனிகோடாக்க வேண்டும். பழைய கோரல்ட்ரோ பதிப்புகளில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். இலஸ்ரேற்றரில் தெற்காசிய மொழிகளுக்கான பந்தி அமைப்பைத் தெரிவுசெய்தால் சரியாகும். எதுவும் சரிவராத கடைக்கு இன்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே நிம்மதி.

வினைல் வெட்டும் இயந்திரம் கோட்டின் மேல்தான் ஓடும். கொம்போ அரவோ மெய்யோடு மேற்படிந்து நின்றால் அந்த இடத்தில் இரண்டு கோடும் குறுக்கே வெட்டுப்பட்டு, ஒட்டும்போது துண்டு துண்டாக வரும். கோடாக மாற்றிய பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கட்டளையைக் கொடுக்க மறக்கக் கூடாது. விசிறியைச் சேர்த்து வரைந்த கிளிஃபுகளில் இந்தச் சிக்கலே இல்லை. மெய்ப்புள்ளி 5 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் வேண்டாத வினைலை உரிக்கும்போது புள்ளியும் கூடவே கிளம்பிவிடும். எங்கள் அளவில் அதற்கு ப குறைந்தது 26 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய எழுத்தென்றால் வெட்டாமல் அச்சிடச் சொல்லுங்கள்.