விரிஞ்சிபுரத்துக்கு வெயில் இருக்கும்போதே போங்கள்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையில் சேதுவாலையில் இறங்கினால், பாலாற்றின் தென்கரையில் இருக்கும் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் சுமார் 2 கி.மீ. ஆட்டோ கிடைக்கும். ரயிலில் வருவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். நிலையம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது.

பலரும் மாலை தரிசனத்துக்கு வந்துவிட்டு, மணிகாட்டும் கல்லை வெறும் கல்லாகப் பார்த்துத் திரும்புகிறார்கள். தெற்குப் பிராகாரத்தில் இருக்கும் இந்த அரைவட்டக் கல்லில் ஒரு பக்கம் 6 முதல் 12 வரை, மறுபக்கம் 1 முதல் 6 வரை எண்கள். மேலே உள்ள பள்ளத்தில் நேரான குச்சி ஒன்றை வைத்தால், நிழல் விழும் எண்தான் மணி. விளக்குமாற்றுக் குச்சி போதும். வளைந்த குச்சி வைத்தால் நிழலும் கோணும்.

கைபேசி மணியோடு ஒத்துப்போகவில்லையே என்று கல்லைக் குறை சொல்ல வேண்டாம். நிழல் காட்டுவது உள்ளூர்ச் சூரிய நேரம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. விரிஞ்சிபுரமோ ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 14 நிமிடம் பின்தங்கும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் மாறுவதும் அதன் அச்சின் சாய்வும் சேர்ந்து இதைக் கூட்டிக் குறைக்கும். பிப்ரவரி நடுவில் வித்தியாசம் அரைமணியை நெருங்கும். நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஆனால் அது மழைக்காலம், வெயில் கிடைத்தால் அதிர்ஷ்டம்!

காலையில் முதலில் சந்நிதிக்குப் போய்விடுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். சிவசர்மன் என்ற சிறுவனாகப் பிறந்த பிரம்மாவுக்கு அபிஷேகம் செய்ய எட்டவில்லை என்று இறைவன் முடி சாய்த்தார் என்பது தலபுராணம். லிங்கத்தின் சாய்வு அபிஷேகத்தின்போது நன்றாகத் தெரியும், அலங்காரம் ஆனபின் மறைந்துவிடும்.

தலமரம் பனை. ஓராண்டு கறுப்பாகவும் மறு ஆண்டு வெள்ளையாகவும் காய்க்கும் என்கிறார்கள். பழுத்த காய் பார்க்க வேண்டுமானால் ஆடி, ஆவணிதான் பருவம். 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று பேர் வாங்கிய மதிலையும் வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

கார்த்திகைக் கடைஞாயிறுக்கு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில் தீர்த்தமான சிம்மக்குளம் திறப்பது சனிக்கிழமை நள்ளிரவில். ஞாயிறு இரவு வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் சிம்மக்குளம், பிரம்ம தீர்த்தம், பாலாறு என்று நீராடி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுப்பார்கள். கனவில் பூவோ பழமோ வந்தால் வரம் கிடைத்ததாக நம்பிக்கை. டிசம்பர்க் குளிர் கடுமை, படிகள் வழுக்கும். மாற்றுத் துணியும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பாலாறு பெரும்பாலும் வெறும் மணல்தான். மணலுக்கு அடியில் ஓடும் ஈரம்தான் கரையோரத் தென்னைக்கும் கிணற்றுக்கும் உயிர். தண்ணீர் வரும்போது 2021 நவம்பர் போலத் திடீரென்று கரைபுரண்டு வரும், அப்போது தரைப்பாலத்தில் காலே வைக்கக் கூடாது. நீர் குறைந்த நாளிலும் மணல் அள்ளிய குழிகள் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள்.