ஆங்கிலிக்கன் பிளவு: தீர்ப்பு சொல்ல ஆளில்லை, கட்டடத்துக்கோ வழக்கு

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து கிளைத்த ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கப் பிரிவான எப்பிஸ்கோப்பல் திருச்சபை உடைந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2003 நவம்பரில் தொடங்குகிறார்கள். ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார், பழமைவாதிகள் வெளியேறினார்கள் என்று. நடந்தது அதுதான். ஆனால் அந்தச் சண்டையை யாராலும் ஏன் தீர்க்க முடியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்குக் கௌரவத் தலைவரான கேன்டர்பரி பேராயர், போப்பாண்டவர் அல்ல. இன்னொரு நாட்டுத் திருச்சபையின் ஒரு பிஷப்பைக்கூட அவரால் நீக்க முடியாது. உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடும் லாம்பெத் மாநாட்டில், 1998இல், ஒருபாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் 526க்கு 70 என்ற வாக்கில் நிறைவேறியது. லாம்பெத் தீர்மானம் ஆலோசனை மட்டுமே. சட்டமாக யாரையும் கட்டாது. ராபின்சன் விஷயத்தில் அமெரிக்கர்கள் தங்கள் சட்ட விதிகளின்படியே நடந்தார்கள்: திருமண்டலம் (ஒரு பிஷப்பின் கீழுள்ள வட்டாரம்) தேர்ந்தெடுத்தது, திருச்சபையின் பொதுப்பேரவை ஒப்புதல் தந்தது. ஒரு தரப்பு ‘உலகச் சபை வேண்டாம் என்றதே’ என்றது. மறு தரப்பு ‘எங்கள் விதியை எங்கே மீறினோம்?’ என்றது. இரண்டுமே உண்மை. இந்த ஓட்டையை அடைக்க 2004 வின்ட்சர் அறிக்கை ஒரு பொது உடன்படிக்கையைப் பரிந்துரைத்தது. அதை 2012இல் இங்கிலாந்துத் திருச்சபையின் திருமண்டலங்களிலேயே பாதிக்கு மேல் நிராகரித்துவிட்டன.

எனவே முடிவு நீதிமன்றங்களுக்குப் போனது, அங்கே கேள்வி சொத்து. 1979இல் ஜோன்ஸ் எதிர் உல்ஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இறையியலுக்குள் நுழையாமல் பத்திரம், சபை விதி, மாநிலச் சட்டம் ஆகியவற்றைப் பார்த்தே சபைச் சொத்துத் தகராறைத் தீர்க்கலாம் என்றது. அதே ஆண்டு எப்பிஸ்கோப்பல் பொதுப்பேரவை ‘டென்னிஸ் கேனன்’ என்ற திருச்சபை விதியை இயற்றியது: ஒவ்வொரு சபையின் சொத்தும் திருமண்டலத்துக்கும் திருச்சபைக்குமான டிரஸ்டாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். பத்திரம் தங்கள் பெயரில் இருக்கிறதே என்று நம்பி வெளியேறிய சபைகள் பல இதில்தான் இடறின. வர்ஜீனியாவில் 2006இல் பிரிந்த ஃபால்ஸ் சர்ச் சபையினர், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை இழந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் அதை உறுதிசெய்தது. டெக்சாஸில் முடிவு நேர்மாறானது. திரும்பப் பெற முடியாது என்று வெளிப்படையாக எழுதாத டிரஸ்டை அந்த மாநிலச் சட்டப்படி ரத்து செய்யலாம். ஃபோர்ட் வொர்த்தில் பிரிந்துபோன தரப்பே 2020இல் வென்றது. தெற்கு கரோலினாவில் 2022இல் நீதிபதிகள் சபை சபையாக ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். டென்னிஸ் கேனனுக்குச் சபை எழுத்தில் இசைந்ததா, எந்தச் சொற்களில் இசைந்தது என்பதை வைத்தே சில சபைகள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் போயின. பிரிவதற்கு வாக்கெடுக்கும் சபை, பிரசங்க மேடை ஏறுவதற்கு முன் இரும்புப் பெட்டியைத் திறந்து தன் பழைய விதித்தாள்களைப் படிக்க வேண்டும் என்பேன்.

வெளியேறியவர்களுக்குள்ளும் ஒருமனம் இல்லை. 1976இல் பெண்களுக்குக் குருத்துவம் அனுமதிக்கப்பட்டபோதே ஒரு கூட்டம் பிரிந்து தனி ஆங்கிலிக்கன் சபைகளை அமைத்தது. 2009இல் உருவான வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையோ அதே கேள்வியைத் திருமண்டலங்களின் விருப்பத்துக்கே விட்டது: சிலவற்றில் பெண் குருக்கள் உண்டு, ஃபோர்ட் வொர்த்தில் கிடையாது, பெண் பிஷப் எங்குமே கிடையாது. ஒரே திருச்சபையில் ஒரு குருவின் அபிஷேகத்தைப் பக்கத்துத் திருமண்டலம் ஏற்கவில்லை என்பது சிறிய விஷயமல்ல. திருவிருந்தை அவர் கையால் வாங்கலாமா என்பதுவரை அது போகும்.

பழமைவாத ஆங்கிலிக்கன்கள் 2008இல் எருசலேமில் தொடங்கிய காஃப்கான் இயக்கம், 2023இல் இங்கிலாந்துத் திருச்சபை ஒருபால் இணையருக்கு ஆசி ஜெபங்களை அனுமதித்ததும், கேன்டர்பரியின் தலைமையை ஏற்க முடியாது என்று கிகாலியில் அறிவித்தது. 2025 அக்டோபரில் சாரா முலாலி அடுத்த கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில் காஃப்கான் ஒரு படி மேலே போய், லாம்பெத் மாநாடு உள்பட, உலக ஆங்கிலிக்கன் சபைகளை இணைக்கும் பழைய அமைப்புகளையே நிராகரித்து, தாங்களே உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்றது. அந்த உரிமைகோரலைச் சரி, தவறு என்று சொல்லவும் ஆங்கிலிக்கன் உலகில் எந்த மன்றமும் இல்லை.