தூக்கிய கலப்பை தானாக இறங்கினால்

எங்கள் வீட்டு டிராக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், கலப்பையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும், ஃபெர்குசன் முறையில் அமைந்த ஹைட்ராலிக். போன சம்பாப் பருவத்தில், சேற்றுழவின் மூன்றாம் நாள், வரப்போரம் வண்டியைத் திருப்புவதற்காக லிவரை மேலே தள்ளியபோது ஒன்பது கொழுக் கலப்பை முழங்கால் உயரம் வரை ஏறி நின்றுவிட்டது. நின்றதும் நிலையாக நிற்கவில்லை. இரண்டு அங்குலம் தாழ்ந்து, வெடுக்கென்று ஏறி, மறுபடி தாழ்ந்து, உட்கார்ந்தபடி தூங்குகிறவர் தலை ஆடுவதைப் போல ஆடிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர், பம்பு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். மற்றவர், இருக்கையைக் கழற்றி, அதன் கீழே ஹைட்ராலிக்கை மூடியிருக்கும் லிஃப்ட் கவரை இறக்கி, மொத்தமாக வேலை பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேருமே இன்ஜினை அணைத்துவிட்டுக் கலப்பை என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஹைட்ராலிக் பழுது என்றாலே முதலில் பிரித்துப் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். வெளியில் இருந்தபடியே கண்டுபிடிக்கக் கூடியவை பல இருக்கின்றன என்பதை இந்த ஒரு வாரத்தில்தான் நான் முழுதாகக் கற்றுக்கொண்டேன்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டிகளில் பம்பு வெளியே தெரியாது. கியர்பெட்டிக்குப் பின்னால், ஹவுசிங் என்கிற பின்கூட்டின் எண்ணெயில் மூழ்கியபடி இருக்கும் அந்த நான்கு பிஸ்டன் பம்பை, அதன் நடுவே ஓடும் பிடிஓ தண்டுதான் (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் விசையைக் கொடுக்கும் தண்டு) சுழற்றுகிறது. கட்டுப்பாட்டு வால்வு, பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிவரை மேலே கொண்டுபோனால் வால்வு திறந்து, எண்ணெய் உறிஞ்சப்பட்டு, ஒரு நிமிர்ந்த குழாய் வழியாக இருக்கைக்குக் கீழே உள்ள சிலிண்டருக்குப் போய், அங்குள்ள பிஸ்டனைத் தள்ளி, லிஃப்ட் கைகளைத் தூக்குகிறது. கலப்பை வேண்டிய உயரத்தை எட்டியதும் உறிஞ்சும் வழி மூடிக்கொள்வதால், பம்பு சுற்றினாலும் எண்ணெய் ஓடாது, வீணாகச் சூடேறவும் செய்யாது. இறக்கும்போது அழுத்தம் தேவையில்லை. கலப்பையின் எடையே எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். அயர்லாந்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடலாக இணைக்கும் எண்ணத்துக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். 1946இல் கவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கிய அவருடைய டிஇ20 வண்டியில் இருந்ததற்கும் எங்கள் கொட்டகையில் நிற்பதற்கும் இந்த அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை.

இதைப் புரிந்துகொண்டால், கலப்பை ஏன் தலையாட்டியது என்பது விளங்கிவிடும். சிலிண்டருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய எண்ணெய் எங்கோ கசிகிறது. கசிந்ததும் லிஃப்ட் கைகள் தாழ்கின்றன. தாழ்ந்ததை உணர்ந்த இணைப்புகள் வால்வைத் திறக்க, பம்பு மறுபடி எண்ணெயை அனுப்பித் தூக்குகிறது. ஆகவே, தலையாட்டுகிற கலப்பை பம்பு உயிரோடு இருப்பதற்குச் சான்று. பம்பு போய்விட்டது என்று சொன்னவர் இதைத்தான் கவனிக்கத் தவறினார். பாரம் எதுவும் மாட்டாமலேயே கைகள் அசையவில்லை என்றால்தான் பம்பு சுற்றவில்லையா, உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கிறதா, வால்வு இறுகிவிட்டதா என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

அப்படிப் போவதற்கு முன்னால் பிடிஓ லிவரையும் பார்த்துவிடுவது நல்லது. இந்த வண்டிகளில் அது நியூட்ரலில் இருந்தால் பம்பு சுற்றாது. சக்கர வேகத்துக்கு ஓடும் நிலையில் இருந்தால் வண்டி நகரும்போது மட்டும் சுற்றும். பல ஆண்டுகளுக்கு முன்னால், பிள்ளைகள் யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்ட லிவரைக் கவனிக்காமல், இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேஸ்திரி ஒருவரை வரவழைத்தவன் நான். அவர் இறங்கி வந்து, ஒரு விரலால் லிவரைத் தள்ளிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதேபோல, லிவர்கள் நகரும் வளைதகடான குவாட்ரன்டில் உள்ள இரண்டு லிவர்களில், கலப்பையின் உயரத்தை வைக்கும் பொசிஷன் லிவரைக் கொண்டு வேலை செய்யும்போது, இழுவையைப் பொறுத்து ஆழத்தை மாற்றும் டிராஃப்ட் லிவர் மேல்நிலையில் இருக்க வேண்டும். அது கீழே கிடந்தால் தூக்கவில்லை என்ற புகார்தான் மிஞ்சும்.

இந்த முறை லிவர்களில் குற்றமில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது, கொஞ்சம் கூடுதலாகக்கூட. நிறம்தான் பால் தாராளமாக விட்ட காப்பி. அளவு சரியாகத் தெரிந்ததற்குக் காரணமே உள்ளே போன தண்ணீர். சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டி, அச்சு மூழ்கும் சேற்றில் மூன்று நாள் உழுதால், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் நுழையாமல் என்ன செய்யும்? இரவு முழுவதும் வண்டியை அசைக்காமல் நிறுத்தி, விடியற்காலையில் அடியிலுள்ள பிளக்கை மெதுவாகத் தளர்த்தினேன். முதலில் ஒரு லோட்டா அளவு கலங்கல் தண்ணீர், அதன்பின் வெளுத்த எண்ணெய், கடைசியில் விரலில் தேய்த்தால் நறநறக்கும் வண்டல். எங்கள் வண்டியின் ஹவுசிங் முப்பது லிட்டருக்கு மேல் கொள்ளும் என்பதால், மாற்றுவதற்கு மனம் வராமல் மேலே மேலே ஊற்றியே காலம் தள்ளியிருந்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு இது கூலி. தேய்ந்த பம்புக்குக் கெட்டியான எண்ணெய் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 140 கியர் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. எண்ணெய் குளிரில் கெட்டிப்பட்டுவிட்டால் பம்பால் உறிஞ்ச முடியாது என்பதால், கையேட்டில் உள்ளதை ஊற்றுவதே சரி.

சல்லடையைக் கழுவி, புதிய எண்ணெயைப் பாதி அளவு மட்டும் ஊற்றினோம். பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும், எண்ணெய் வெளியே வழியவும் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அன்று வந்திருந்தது பழைய மேஸ்திரியின் மகன். கலப்பையைத் தூக்கி, இன்ஜினை அணைத்தோம். கலப்பை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தரையைத் தொட்டது. கம்பி செருகியிருக்கும் வலப்பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி தூக்கி, அணைத்ததும், அவர் டார்ச்சை உள்ளே காட்டினார்.

"அண்ணே, இங்க பாருங்க, மேலருந்து சொட்டல. அடியிலதான் ஊத்துது."

சிலிண்டர் பிஸ்டனின் சீல் போயிருந்தால் எண்ணெய் மேலிருந்து சொட்டும். அங்கே உலர்ந்திருந்தது. நிமிர்ந்த குழாய் பம்பில் போய் உட்காரும் இடத்தில், நூல் கனத்துக்கு ஒரு எண்ணெய்ப் படலம் குழாயைச் சுற்றி விசிறிபோல விரிந்து, கலப்பை இறங்க இறங்க மெலிந்து, அது தரையைத் தொட்டதும் நின்றது. குழாயின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் கீழே உள்ளது வெட்டுப்பட்டிருந்தது. லிஃப்ட் கவரை இறக்க வேண்டிய தேவையே இல்லை. மேலே உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் குழாய் மேல்வழியாகவே வந்துவிடும். பழைய ரிங் தட்டையாகி, பிளாஸ்டிக் போல விறைத்து, வளைத்தவுடன் இரண்டாக உடைந்தது. இரண்டு ரிங்குகளின் விலை டீக்கும் வடைக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையின்போது கலப்பைக்கு முட்டுக் கொடுத்தால் அழுத்தம் போய்விடும், கசிவும் தெரியாது. எனவே கலப்பை எந்த நொடியிலும் விழும் என்று எண்ணி, அதன் அடியிலோ லிஃப்ட் கைகளுக்கு நடுவிலோ யாரும் இருக்கக் கூடாது. கசியும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டாம். சதுர அங்குலத்துக்கு இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடிய இடம் அது. ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் பூட்டி, மீதி எண்ணெயை ஊற்றியபின், இரவு கலப்பையைத் தூக்கிய நிலையில் விட்டு, கொழு நுனியின் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிப் பக்கத்தில் ஊன்றிவிட்டுப் படுத்தேன். காலையில் குச்சியைவிட நான்கு விரல் கீழே இருந்தது. இந்த வயதில் வால்வும் பம்பும் அவ்வளவு விடத்தான் செய்யும் என்றார் மேஸ்திரியின் மகன். கலப்பையின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க்குக்குப் பின்னால் உள்ள பெரிய சுருள்வில்லில் கொஞ்சம் ஆட்டம் இருப்பதையும், அதனால்தான் மேட்டுக்காட்டில் உழும்போது ஆழம் ஒரே சீராக வருவதில்லை என்பதையும் அவர் காட்டினார். அதையும் அச்சுச் சீல்களையும் அறுவடை முடிந்து வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.