ஒரே ஓடுதளம், இருவேறு இரைச்சல்

கோவாவின் டபோலிம் விமான நிலையம், கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா தளத்துக்குள் இருக்கிறது. மிக்-29கே போர் விமானமும் பயணிகள் விமானமும் ஒரே ஓடுதளத்தில்தான் ஏறி இறங்கும். அங்கே நான் விமானங்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் லைன் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த காலத்தில், புதிதாகச் சேரும் பையன்கள் தவறாமல் கேட்பார்கள்: "சார், ராணுவ எஞ்சினில் சைலன்சர் வைக்க மாட்டார்களா?"

அந்த இரைச்சலில் பெரும்பங்கு எஞ்சினுக்குள் பிறப்பதே இல்லை. வெளியே பீறிட்டுப் பாயும் காற்று, பின்னால் சும்மா நிற்கும் காற்றோடு மோதிக் கலக்கிற இடத்தில் பிறக்கிறது. ஜேம்ஸ் லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1952-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: காற்று வெளியேறும் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப ஒலியின் ஆற்றல் கூடும். வேகம் இரு மடங்கானால் ஒலி ஆற்றல் 256 மடங்கு! ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறும் என்றாலும், இரைச்சலுக்குக் காரணம் வேகம்தான் என்பது மாறுவதில்லை.

ஏ320நியோ என்ற பயணிகள் விமானத்தின் லீப் எஞ்சினில் ஒரு பங்கு காற்று, எரிபொருள் எரியும் மையப் பகுதிக்குள் போனால், ஏறத்தாழ 11 பங்கு முன்னால் இருக்கும் விசிறியால் தள்ளப்பட்டு அதைச் சுற்றியே வெளியேறிவிடும். காற்று ஏராளம், வேகம் நிதானம். மிக்கின் ஆர்டி-33 எஞ்சினில் சுற்றிப் போவது அரைப் பங்குதான். ஒலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு வேறு வழியில்லை. பின்னால் பாயும் காற்று விமானத்தைவிட வேகமாகப் போனால்தான் முன்னால் தள்ள முடியும். அகன்ற விசிறியோடு அந்த வேகத்தை எட்டவும் முடியாது.

பயணிகள் விமானத்தில் காதில் விழும் ரீங்காரம் பெரிதும் விசிறியினுடையது. அது எஞ்சினுக்குள்ளேயே பிறப்பதால் அடக்க முடியும். காற்று நுழையும் வாயின் உட்சுவரைத் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஊசிமுனை அளவில் எண்ணற்ற துளைகள் தெரியும். அவற்றின் பின்னே இருக்கும் தேன்கூட்டு அறைகள் ஒலியை விழுங்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது. பையன்கள் கேட்ட சைலன்சர் என்று ஒன்று இருந்தால், அது பயணிகள் எஞ்சினில்தான் இருக்கிறது.

மிக்கில், எரிந்த வாயுவால் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தும் ஆஃப்டர்பர்னர் வேறு உண்டு. புதுக் காடாத் துணியை நீளவாக்கில் கிழிப்பது போல ஒரு சத்தம் வரும், நெஞ்சுக்கூடே அதிரும். காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப் என்று இரண்டும் போடாத எவரையும் நான் வெளியே நிற்க விட்டதில்லை. போன செவித்திறன் திரும்பாது.

ஆனாலும் இதில் ராணுவம், பயணிகள் என்ற பேதமே கிடையாது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானமும் ஹன்சாவிலிருந்து பறக்கிறது. டார்பிடோ சுமக்கும் விமானம்தான். ஆனால் போயிங் 737-இன் அதே சிஎஃப்எம்56 எஞ்சின்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏதோ மும்பை விமானம் கிளம்புகிறது என்றே தோன்றும். மறுபக்கம், பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒலியைவிட வேகமாக 2003 வரை பறந்த கான்கார்டு, ஆஃப்டர்பர்னரைக் கொளுத்தித்தான் தரையை விட்டு எழும்பியது. அதன் இரைச்சல் போர் விமானத்தின் இரைச்சலேதான்.